செயற்கை மூட்டுக்கு இரண்டாம் அறுவை: எப்போது தேவை, எப்போது தேவையில்லை?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் எவரும் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வருஷம் வரும் டாக்டர்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி சில ஆண்டுகள் கழித்து வருகிறது: "மறுபடியும் வலிக்குதே, திரும்ப ஆபரேஷன் பண்ணணுமா?" முதல் கேள்விக்கு இன்று நம்பகமான எண்கள் இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு அப்படிப் பொதுவான விடை கிடையாது. ஒவ்வொரு மூட்டிலும் தனித்தனியாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தத் தேடலில் நோயாளியையும் குடும்பத்தையும் அதிகம் குழப்புவது வலி. வலித்தால் மூட்டு கெட்டுவிட்டது, வலிக்காவிட்டால் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. அறுபது ஆண்டு அனுபவம் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு கரைந்துகொண்டே போக, வலி ஏதுமின்றி நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறுவை தேவைப்படுகிறது. தினமும் வலியோடு இருந்தும், மூட்டில் கத்தி வைத்தால் நிலைமை மோசமாகும் என்பவர்களும் இருக்கிறார்கள். மறு அறுவையைத் தீர்மானிக்க வேண்டியது பழுதின் காரணம். வலி அந்தக் காரணத்தைத் தேடச் சொல்லும் ஓர் அடையாளம் மட்டுமே. இடுப்பு மூட்டு, முட்டி ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியின் பல பக்கங்களையும் இங்கே பார்க்கலாம்.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

2019இல் லான்செட் மருத்துவ இதழில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பெரிய கணக்கீடுகளை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியா, பின்லாந்து ஆகிய நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகள் அவற்றுக்கு அடிப்படை. முழு முட்டி மாற்றில் சுமார் 82 விழுக்காடும், முட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் பகுதி மாற்றில் சுமார் 70 விழுக்காடும், இடுப்பு மூட்டில் சுமார் 58 விழுக்காடும் 25 ஆண்டுகள் நீடித்தன. இவை கால் நூற்றாண்டுக்கு முன் பொருத்தப்பட்ட மூட்டுகளின் கணக்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இப்போது பொருத்தப்படும் பிளாஸ்டிக் அன்றையதைவிடப் பல மடங்கு தேய்மானம் தாங்கும்.

வயதும் ஒரு பெரிய காரணி. 2017இல் அதே இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வின்படி, 70 வயதுக்குப் பிறகு மூட்டு மாற்றிக்கொண்டவருக்கு ஆயுள் முடிவதற்குள் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் முட்டி மாற்றிக்கொண்ட ஆண்களுக்கோ அது 35 விழுக்காடு வரை போனது. இளையவர் மூட்டை அதிகம் உழைக்க வைக்கிறார். அவருக்கு மிச்சமிருக்கும் ஆண்டுகளும் அதிகம். "இப்பவே பண்ணிடலாமா, கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்று ஐம்பது வயதுக்காரர் கேட்டால், அவர் முன் வைக்க வேண்டிய எண் இதுதான்.

2021இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் தேசியப் பதிவேட்டிலிருந்து முட்டி பற்றி இன்னொரு செய்தி வந்தது. முதல் மறு அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு 13 ஆண்டுகளுக்குள் இரண்டாவது மறு அறுவை தேவைப்பட்டது. இரண்டாவது முறை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் அதே நிலையை 5 ஆண்டுகளில் அடைந்தார். மூன்றாவது முறைக்குப் பின் 3 ஆண்டுகளிலேயே. ஒவ்வொரு முறையும் எலும்பு குறைகிறது, தசை பலவீனமாகிறது, தழும்பு கூடுகிறது, கிருமி புகும் வாய்ப்பு பெருகுகிறது. ஆகவே முதல் மறு அறுவை என்பது அலட்சியமாக எடுக்கக் கூடாத முடிவு. தேவையானபோது தள்ளிப் போடவும் கூடாது, தேவையில்லாதபோது செய்யவும் கூடாது.

சத்தமில்லாமல் கரையும் எலும்பு

இன்றைய இடுப்பு மூட்டு மாற்றின் தந்தை என்று கருதப்படும் ஜான் சார்ன்லி, இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றினார். 1950களின் இறுதியில், தொடைப் பக்கத்துப் பந்து சுழலும் இடுப்புக் கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள் டெஃப்லான். இன்று தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதேதான். வழுக்கலான பொருள் என்பதால் உராய்வு குறையும் என்று நம்பினார். சுமார் முந்நூறு பேருக்குப் பொருத்தினார். தொடக்கத்தில் முடிவுகள் அற்புதமாக இருந்தன. சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்து போயின. தேய்ந்த தூளைச் சுற்றி உடல் கெட்டியான திசுவைத் திரட்டி, எலும்பை அரித்திருந்தது. அந்த மூட்டுகளை சார்ன்லி ஒவ்வொன்றாகத் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்து அவர் கையில் கிடைத்தது பாலிஎதிலீன். அதை நோயாளிகளுக்குப் பயன்படுத்தும் முன் அவர் செய்த காரியம் மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படுவது. டெஃப்லான் தூளையும் பாலிஎதிலீன் தூளையும் தன் சொந்தத் தொடையிலேயே ஊசி மூலம் செலுத்திக்கொண்டு மாதக்கணக்கில் கவனித்தார். டெஃப்லான் போட்ட இடத்தில் கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது. பாலிஎதிலீன் போட்ட இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. 1962 நவம்பரில் பாலிஎதிலீன் கிண்ணம் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றுவரை உலகில் பொருத்தப்படும் பெரும்பாலான மூட்டுகள் அந்தப் பொருளின் வழிவந்தவை.

ஆனால் பாலிஎதிலீனும் தேய்கிறது, மெதுவாக. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உதிர்கின்றன. பலவும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. உடலின் காவல் செல்கள் அவற்றை அந்நியப் பொருளாகக் கருதி விழுங்குகின்றன. ஆனால் பிளாஸ்டிக்கைச் செரிக்க அவற்றால் முடியாது. செரிக்க முடியாத செல்கள் அழற்சி வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை எலும்பைத் தின்னும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. மூட்டின் உலோகத்தைச் சுற்றி எலும்பு கரைந்து பள்ளம் விழுகிறது. தொடக்கத்தில் எலும்பு சிமென்ட்தான் காரணம் என்று நினைத்து இதைச் 'சிமென்ட் நோய்' என்றே அழைத்தார்கள். சிமென்ட் போடாத மூட்டுகளிலும் அதே அரிப்பு தெரிந்த பிறகுதான் குற்றவாளி துகள் என்று உறுதியானது. இடுப்புக் கிண்ணம் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் தேய்ந்தால் இந்த அரிப்பு அரிதாகவே வருகிறது என்பது பின்னாளில் தெரிந்தது. 1990களின் இறுதியில் பாஸ்டன் நகரின் வில்லியம் ஹாரிஸ் குழு உள்ளிட்டோர் முயற்சியால் கதிர்வீச்சு செலுத்திப் பிணைப்பு கூட்டிய பாலிஎதிலீன் வந்தபின் தேய்மானம் அந்த அளவுக்கும் கீழே இறங்கியது.

எலும்பு கரையும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. உலோகம் எலும்போடு இறுகப் பிடித்திருக்கும் வரை நோயாளிக்கு எந்தச் சங்கடமும் தெரியாது. எக்ஸ்-ரேயில் மட்டுமே தெரியும். தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டைச் சுற்றியுள்ள பகுதியை ஏழாகவும், கிண்ணத்தைச் சுற்றியுள்ள எலும்பை மூன்றாகவும் பிரித்து, எந்த இடத்தில் கறுப்புக் கோடு புதிதாக விழுந்திருக்கிறது, அது அகலமாகிறதா, தண்டு கீழே இறங்கியிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். இதை ஒரே படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அறுவை முடிந்ததும் எடுத்த படம், ஓராண்டு கழித்து எடுத்த படம், இன்றைய படம் மூன்றையும் அருகருகே வைத்தால்தான் நகர்வு தெரியும்.

இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை சிறியது. உலோகக் கிண்ணம் உறுதியாக இருக்கிறது, உள்ளே உள்ள பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால், பிளாஸ்டிக்கையும் பந்தையும் மாற்றி, அரித்த பள்ளத்தில் எலும்புத்தூள் நிரப்பினால் பெரும்பாலும் போதும். 'வலிதான் இல்லையே' என்று ஐந்தாண்டு விட்டுவிட்டால் கிண்ணமே பெயர்ந்து இடுப்பெலும்புக்குள் புதைகிறது. அப்போது செய்ய வேண்டியது வேறு அளவிலான அறுவை. வலியில்லாதவருக்கு அறுவையைப் பரிந்துரைப்பதற்கு இங்கே நியாயம் இருக்கிறது.

மூட்டு தளர்ந்த பிறகு வரும் வலிக்கு ஒரு தனிச் சாயல் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து முதல் நான்கைந்து அடிகள் குத்தும். நடக்க நடக்கச் சற்றுத் தணியும். தொடையில் வலித்தால் தண்டின் மீதும், கவட்டில் வலித்தால் கிண்ணத்தின் மீதும் சந்தேகம் விழும். படுத்திருக்கும்போதும் இரவிலும் விடாமல் வலித்தால் முதலில் நினைக்க வேண்டியது வேறொன்று.

கிருமி

மூட்டு மாற்றியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குக் கிருமித் தொற்று வருகிறது. விழுக்காடு சிறியது, துன்பம் பெரியது. முதல் இரண்டு ஆண்டுகளில் மறு அறுவைக்கு இட்டுச்செல்லும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று. ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகளே பெரும்பாலும் காரணம். குளத்துப் படியில் பாசி பிடிப்பதுபோல அவை உலோகத்தின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. படலம் முதிர்ந்துவிட்டால் எந்த ஆன்டிபயாடிக்கும் முழுமையாக உள்ளே போய் அழிப்பதில்லை. மாத்திரையிலும் ஊசியிலும் மட்டும் இதைக் குணப்படுத்த முடியாததற்குக் காரணம் அந்தப் படலம்தான்.

எனவே இங்கே நாள்கணக்கு முக்கியம். அறுவை முடிந்த சில வாரங்களில் காயம் கசிந்தாலோ, பல ஆண்டு நன்றாக இருந்த மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, அறிகுறி தொடங்கி மூன்று நான்கு வாரங்களுக்குள் மூட்டைத் திறந்து, கெட்ட திசுவை வெட்டி அகற்றி, நன்றாகக் கழுவி, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றினால், உலோகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் மொத்தத்தையும் எடுக்க வேண்டிய நிலை வரும். காயம் கசிகிறது என்றதும் தெருமுனை மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுப் பத்து நாள் பார்ப்பது இரண்டு வகையில் கேடு. பொன்னான நாள்கள் போகின்றன. பரிசோதனையில் கிருமி பிடிபடாமலும் போகிறது.

அந்தப் பரிசோதனையைச் சற்று அருகில் பார்ப்போம். சுத்தமான அறையில், தோலை நன்றாகத் துடைத்து, மூட்டுக்குள் ஊசி செலுத்தி நீர் எடுக்கிறார்கள். நோயாளி நெருக்கடியான நிலையில் இல்லையென்றால், அதற்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது ஆன்டிபயாடிக் நிறுத்தியிருக்க வேண்டும். எடுத்த நீரில் ஒரு பங்கு செல் எண்ணிக்கைக்குப் போகிறது. நாள்பட்ட தொற்றில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000 வெள்ளையணுக்களுக்கு மேல் இருந்து, அவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு நியூட்ரோஃபில் வகையாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இன்னொரு பங்கு கல்ச்சருக்கு. சில கிருமிகள் மிக மெதுவாக வளர்வதால் இரண்டு நாளில் 'ஒன்றுமில்லை' என்று மூடிவிடாமல் 14 நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் பார்க்கப்படுகின்றன. ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே கிருமி இல்லை என்று ஆகிவிடாது. இடுப்பிலோ முட்டியிலோ எந்த மறு அறுவைக்கு முன்னும், காரணம் வேறு என்று தோன்றினாலும், கிருமி இல்லை என்பதை உறுதி செய்துகொள்வது நல்ல மருத்துவ வழக்கம்.

நாள்பட்ட தொற்றுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் வழி இரண்டு கட்ட அறுவை. முதலில் எல்லாவற்றையும் எடுத்து, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டால் ஆன தற்காலிக மூட்டை வைப்பார்கள். சில வாரங்களோ மாதங்களோ கழித்து, கிருமி அடங்கியதும் புதிய மூட்டு பொருத்துவார்கள். இடைப்பட்ட காலம் நோயாளிக்குக் கடினமானது: வாக்கர், ஊசி, வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டிய நிலை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹான்ஸ் புக்கோல்ஸ் 1970களிலேயே ஒரே அறுவையில் பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தும் முறையை வளர்த்தார். சிமென்ட்டில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலப்பதைத் தொடங்கியவர்களில் அவர் முன்னோடி. இரண்டு முறைகளையும் இடுப்பு மூட்டில் ஒப்பிட்ட பிரிட்டன் தலைமையிலான ஆய்வு 2022இல் வெளியானது. 18 மாதம் கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் ஒரே கட்ட முறை பின்தங்கவில்லை. கிருமி எதுவென்று தெரிந்து, தோலும் எலும்பும் ஓரளவு நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு ஒரே கட்ட முறையைப் பேசிப் பார்க்கலாம் என்பதற்கு இது ஆதரவு. மருந்திலும் மாற்றம் வந்திருக்கிறது. எலும்பு, மூட்டுத் தொற்றுள்ள 1,054 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, முதல் ஆறு வாரத்தில் தகுந்த மாத்திரை நரம்பு ஊசிக்குச் சளைத்ததல்ல என்று காட்டியது.

நம் ஊரில் நீரிழிவு பரவலாக இருக்கிறது. காலில் ஆறாத புண், சொத்தைப் பல்லில் சீழ் என்று உடலின் எந்த மூலையிலிருந்தும் கிருமி ரத்தம் வழியாகச் செயற்கை மூட்டை அடையலாம். மூட்டு மாற்றியவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், கால் புண்ணை உடனே காட்டுவதும் மூட்டுக்கான பராமரிப்புதான்.

நழுவல், முறிவு, தள்ளாட்டம்

இடுப்பு மூட்டு ஒருமுறை நழுவினால் உடனே மறு அறுவை என்பதில்லை. மயக்கம் கொடுத்து இழுத்துச் சரியாகப் பொருத்தி, உட்காரும் முறையைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். தாழ்வான இருக்கை, கால்மேல் கால் போடுதல், குத்தவைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வதன் காரணம் இதுவே. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு, இந்தியன் டாய்லெட்டில் பழகியவர்களுக்கு இது வாழ்க்கையையே மாற்றிக்கொள்வதாகும். அதனால் அறுவைக்கு முன்பே வீட்டில் கமோடும் உயரமான கட்டிலும் தயாராக இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப நழுவினால் ஏன் என்று பார்க்க வேண்டும்: கிண்ணம் தவறான கோணத்தில் இருக்கிறதா, தசை கிழிந்திருக்கிறதா, முதுகெலும்பு இறுகியதால் உட்காரும்போது இடுப்பு திரும்ப மறுக்கிறதா? கிண்ணக் கோணம் தவறு என்றால் அதைத் திருத்தாமல் பந்தை மட்டும் பெரிதாக்குவது பலன் தராது. பிரான்ஸின் சென்டெட்டியென் நகரில் 1970களில் ஜில் புஸ்கே உருவாக்கிய இரட்டை அசைவுக் கிண்ணம், அதாவது பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் சிறிய பந்து சுழலும் அமைப்பு, இன்று இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல மாற்று.

குளியலறையில் வழுக்கி விழுந்து, செயற்கை மூட்டைச் சுற்றிய எலும்பு முறிவது முதியவர்களிடம் பெருகிவருகிறது. 1995 முதல் உலகெங்கும் பயன்படும் வான்கூவர் வகைப்பாடு இங்கே ஒரே கேள்வியை மையத்தில் வைக்கிறது: முறிந்த எலும்புக்குள் தண்டு இறுக்கமாக இருக்கிறதா, தளர்ந்துவிட்டதா? இறுக்கமென்றால் பிளேட்டும் கம்பியும் வைத்து எலும்பை மட்டும் சேர்க்கலாம். தளர்ந்திருந்தால் நீண்ட தண்டு வைத்து மூட்டை மாற்றியாக வேண்டும். தளர்ந்த தண்டோடு பிளேட் மட்டும் போட்டால் அது சில மாதங்களில் பிடிப்பை இழந்துவிடும் அபாயம் அதிகம்.

முட்டியில் வரும் தள்ளாட்டம் தனி வகை. 'முட்டி என்னை ஏந்தமாட்டேங்குது', 'படி இறங்கும்போது பயமா இருக்கு' என்பார்கள். முட்டி அடிக்கடி வீங்கும். பக்கவாட்டுத் தசைநார்கள் சரியான இழுவிசையில் இல்லாததே காரணம். பிசியோதெரபியில் தேறாவிட்டால் மறு அறுவை பயன் தரும். விறைப்பு வேறு கதை. முட்டி மடங்கவில்லை என்றால் முதல் மூன்று மாதத்துக்குள் மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவது பெரும்பாலும் முதல் முயற்சி. விறைப்புக்காக மட்டும் மொத்த மூட்டையும் மாற்றுவதில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

வலி இருக்கிறது, காரணம் தெரியவில்லை

முட்டி மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முடிவில் முழுத் திருப்தி அடைவதில்லை என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது, பரிசோதனைகளில் கிருமி இல்லை, மூட்டு தளரவில்லை; ஆனாலும் வலிக்கிறது. இவர்களிடம் 'திறந்து பார்த்துவிடலாம்' என்று சொல்வது பெரும் தவறு. காரணம் தெரியாமல் செய்த மறு அறுவையின் பலன், காரணம் தெரிந்து செய்ததைவிட மிக மோசம் என்பதில் எலும்பு மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

வலியின் ஊற்று பல சமயம் வேறிடத்தில் இருக்கிறது. இடுப்பு மூட்டுத் தேய்வின் வலி முட்டியில் தெரிவது சாதாரணம். முட்டி மாற்றிய பிறகும் வலி போகாமல், இடுப்பை எக்ஸ்-ரே எடுத்த பிறகே உண்மை தெரியவந்தவர்கள் உண்டு. இடுப்பெலும்புக்கு மேலே முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினால் தொடையிலும் முட்டியிலும் வலிக்கும். தோலுக்கடியில் சிறு நரம்பு தழும்பில் சிக்கியிருக்கலாம். ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். முட்டிக்குள் தொடைப் பகுதியின் உலோகம் சற்றுத் திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கலாம். அதை எக்ஸ்-ரே காட்டாது, சிடி ஸ்கேனில் கோணம் அளந்தால்தான் தெரியும். இத்தனையையும் தேடி எதுவும் இல்லை என்றால், அறுவைக்குப் பின் முதல் ஓராண்டு வரை முட்டி தேறிக்கொண்டே வருகிறது என்பதை நினைத்துப் பொறுமையாக இருப்பதே நல்ல மருத்துவம். வலி சிகிச்சை, தொடைத் தசைப் பயிற்சி, எடை குறைப்பு ஆகியவற்றுக்கு அந்தக் காலத்தைத் தர வேண்டும். வேண்டுமானால் இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம். அவர் முதல் மருத்துவரின் குறிப்புகளையும் படங்களையும் பார்த்துக் கருத்து சொல்வதே முறை.

பொருத்திய கருவியே பழுதானால்

நோயாளியும் மருத்துவரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும், பொருத்திய கருவியிலேயே கோளாறு இருந்த சம்பவங்கள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் வந்த போன்லாக் என்ற எலும்பு சிமென்ட் மிக விரைவில் தளர்வதை நார்வேயின் பதிவேடு கண்டது; 1995இல் அது சந்தையிலிருந்து போனது. டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற உலோகத்தோடு உலோகம் உராயும் இடுப்பு மூட்டு அதைவிடப் பரவலான பாடம். உராய்வில் உதிர்ந்த கோபால்ட், குரோமியம் துகள்கள் சதையை அழித்துக் கட்டிகளை உண்டாக்கின. அது தோல்வியடைவதை ஆஸ்திரேலியப் பதிவேடு முன்கூட்டியே காட்டியது. 2009இல் அங்கும், 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள் நடந்திருந்தன. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு இழப்பீடு பரிந்துரைத்தது; பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்பதையே கண்டறிய முடியவில்லை என்பதும் அப்போது வெளிப்பட்டது. 2021இல் எக்ஸாக்டெக் என்ற அமெரிக்க நிறுவனம், உறையில் ஆக்சிஜன் தடுப்பு அடுக்கு ஒன்று விடுபட்டதால் பிளாஸ்டிக் பாகங்கள் விரைவில் கெடலாம் என்று கூறி அவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கியது.

இத்தகைய மூட்டு உள்ளவருக்கும் 'வலித்தால் அறுவை' என்ற விதி பொருந்தாது. உலோக மூட்டு இருப்பவருக்கு வலி இல்லாவிட்டாலும் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பார்க்கச் சொன்னார்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் கூடுதல் பரிசோதனை, எம்ஆர்ஐ என்று பிரிட்டிஷ் அரசின் மருத்துவக் கருவி அமைப்பு 2010இல் வழிகாட்டியது. தசை அழியும் முன் மாற்றியவர்கள் நன்றாக நடந்தார்கள். அழிந்தபின் மாற்றியவர்களுக்கு நழுவல் தொடர்கதையானது.

ஸ்வீடன் முட்டிக்கு 1975இலும், இடுப்புக்கு 1979இலும் தேசியப் பதிவேடு தொடங்கியது. எந்த மருத்துவமனையில், எந்தக் கருவி, யாருக்கு, எப்போது மறு அறுவை என்று ஒவ்வொன்றும் பதிவாகிறது. மோசமான கருவிகள் அங்கே விரைவில் அடையாளம் காணப்படுகின்றன. இந்தியாவில் மூட்டு மருத்துவர்களின் சங்கம் நடத்தும் பதிவேடு விருப்பத்தின் பேரில் இயங்குவது. ஒவ்வொரு அறுவையையும் கட்டாயமாகப் பதிவுசெய்யும் சட்டம் வந்தால்தான் ஏஎஸ்ஆர் நோயாளிகளுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது.

அறுவை அறைக்குள்

மறு அறுவை ஏன் இவ்வளவு கடினம் என்பதை ஓர் உதாரணம் விளக்கும். தொடை எலும்புக்குள் சிமென்ட் இல்லாமல் எலும்போடு வளர்ந்து பிணைந்த தண்டை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை இழுத்து வெளியேற்ற முடியாது. இழுத்தால் தொடை எலும்பு நொறுங்கும். மருத்துவர் தொடை எலும்பின் வெளிப்பக்கத்தை நீளவாக்கில், தசை ஒட்டியபடியே, ஒரு கதவுபோலத் திறக்கிறார். உள்ளே மெல்லிய உளிகளாலும் கம்பி ரம்பத்தாலும் தண்டுக்கும் எலும்புக்கும் இடையில் சிறிது சிறிதாக வழி செய்து தண்டை விடுவிக்கிறார். புதிய நீண்ட தண்டைக் கீழே உள்ள நல்ல எலும்பில் இறுக்கமாகப் பிடிக்க வைத்தபின், திறந்த எலும்பை மூடிக் கம்பியால் கட்டுகிறார். அந்த எலும்பு ஒட்டும்வரை நோயாளி பாரம் குறைத்து ஊன்ற வேண்டும். முட்டியில் எலும்பு நிறையப் போயிருந்தால், துளைகள் நிறைந்த உலோகக் கூம்புகள் வைத்து இடைவெளியை நிரப்புகிறார்கள். தசைநார்கள் முற்றிலும் அழிந்திருந்தால் கீல் வைத்த மூட்டு தேவைப்படுகிறது.

செலவும் வேறு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முட்டி மூட்டுக் கருவிகளுக்கு உச்சவிலை அறிவித்தபோது, வழக்கமான கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய், மறு அறுவைக்கான கருவிக்கு 1,13,950 ரூபாய் என்று வைத்தது. கருவியின் விலை மட்டுமே இது. நீண்ட அறுவை நேரம், ரத்தம், மருத்துவமனை நாள்கள், தொற்று என்றால் இரண்டு அறுவைகள் என்று சேரும்போது முதல் அறுவையைப் பலமடங்கு தாண்டும். காப்பீட்டில் முதல் அறுவைக்கு அனுமதி கிடைத்ததால் மறு அறுவைக்கும் அதே அளவு கிடைக்கும் என்று நம்பாமல் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நோயாளி என்ன செய்யலாம்?

முதல் கடமை ஆவணம். கருவிப் பெட்டியின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் நிறுவனம், அளவு, தயாரிப்பு எண் மூன்றும் இருக்கும். அதன் நகலை டிஸ்சார்ஜ் சம்மரியோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கருவி உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால்தான், பந்து மட்டும் மாற்றினால் போதும் என்ற சின்ன அறுவையே சாத்தியம். தெரியாவிட்டால் பொருந்தும் பாகம் இல்லாமல் மொத்தத்தையும் எடுக்க நேரலாம். எக்ஸ்-ரேக்களைத் தூக்கி எறியக் கூடாது. படச்சுருள்கள் மழையில் நனைந்து ஒட்டிப்போகும் வீடுகளில், வெளிச்சத்தில் பிடித்துக் கைபேசியில் படமெடுத்து வைத்தாலும் உதவும்.

இரண்டாவது, நன்றாக இருக்கும்போதே போய்க் காட்டுவது. முதல் ஆண்டிலும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் ஒரு எக்ஸ்-ரே போதும். பத்தாண்டு கடந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. கரையும் எலும்பைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

மூன்றாவது, மறு அறுவை என்று மருத்துவர் சொல்லும்போது கேட்க வேண்டிய கேள்விகள்: எனக்கு எதனால் பழுது? அதற்கு எந்தப் பரிசோதனையில் ஆதாரம் இருக்கிறது? கிருமி இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்? ஆறு மாதம் பொறுத்தால் என்ன இழப்பேன்? கடைசிக் கேள்விக்கு 'எலும்பு' என்றோ 'கிருமி பரவும்' என்றோ பதில் வந்தால் தள்ளிப் போடக் கூடாது. 'ஒன்றுமில்லை, வலிதான் இருக்கும்' என்று பதில் வந்தால் அவகாசம் இருக்கிறது, யோசிக்கலாம். முதல் கேள்விக்கே தெளிவான பதில் இல்லை என்றால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட அவசரம் எதுவும் இல்லை. மறு அறுவைகள் நிறையச் செய்யும் இன்னொரு மருத்துவரிடம், ஸ்டிக்கரும் பழைய படங்களும் கையோடு, போய்க் கேட்பது நோயாளியின் உரிமை. நல்ல மருத்துவர் எவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.